யாரும் இறங்க வேண்டாத கார்

எங்கள் வீடு மேட்டின் உச்சியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கடைசி வீடு. கடைத்தெருவிலிருந்து மேலே வர ஒரே சாலைதான். மூன்றாவது விளக்குக் கம்பம் வரைக்கும் சாதாரண ஏற்றம். அதற்கு மேல் சாலை நிமிர்ந்துவிடும். அண்ணனின் சின்னக் காருக்கு அந்த மூன்றாவது கம்பம்தான் எல்லை.

எண்ணூறு சிசி, மூன்று சிலிண்டர். அண்ணன் மட்டும் இருந்தால் முனகிக்கொண்டே ஏறிவிடும். நாலு பேர் என்றால் மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டுக்கென்று ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. கம்பம் வந்ததும் அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுப்பார். "எறங்குங்க, எறங்குங்க" என்பார். அண்ணியும் அவர்கள் மகளும் நானும் இறங்குவோம். வண்டி பின்னால் உருளாமல் இருக்க, சரிவாக அறுத்த ஒரு மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்குக் கீழே வைப்பது என் பொறுப்பு. வண்டி நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வேகமாக நடக்க வேண்டும். மறுபடி நின்றால் மறுபடி வைக்க வேண்டும். ஒன்பது வருடம் இதைச் செய்தேன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற நான், கையில் கட்டையோடு காரைத் துரத்துவதை என் மாணவிகளே பார்த்திருக்கிறார்கள்.

"ஊர்ல எல்லாரையும் கார் கூட்டிட்டுப் போகும். நாமதான் காரைக் கூட்டிட்டுப் போறோம்" என்பார் அண்ணி.

அண்ணன் போய் ஏழு மாதம் ஆகிறது. பம்ப் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே அவருக்குப் பெயரே 'ஸ்கேல்'தான். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். வீட்டில் ஆணி அடிப்பதாக இருந்தாலும் அது வெளியே வரும். புது அலமாரி வாங்கியபோது, கடைக்காரர் சொன்ன அகலத்தை நம்பாமல் கடையிலேயே அளந்து, நாலு எம்எம் குறைகிறது என்று அவரிடம் வருத்தமாகச் சொன்னவர்.

அளப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஸ்கேலின் முனையிலிருந்து அளக்கமாட்டார். உபயோகத்தில் முனை தேய்ந்துபோகும், தேய்ந்த முனையை நம்பக் கூடாது என்பார். பத்தாவது மில்லிமீட்டர் கோட்டை விளிம்பில் வைத்து அளந்துவிட்டு, வருகிற எண்ணிலிருந்து பத்தைக் கழிப்பார். நூற்று முப்பத்தாறு என்று காட்டினால் நூற்று இருபத்தாறு. இந்தக் கழித்தலை அவர் செய்வது வெளியே தெரியாது. கண் இமைப்பது போல நடந்துவிடும்.

அண்ணிக்கு முழங்கால் தேய ஆரம்பித்ததும்தான் எஞ்சின் பேச்சு வந்தது. ஏற்றத்தில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணியோ கம்பம் வந்ததும் எங்களோடு இறங்கிவிடுவார். நீங்க இருங்க என்றால் கேட்கமாட்டார்.

"நான் ஒருத்தி இருந்தா மூணு பேருக்குச் சமம். வண்டி பாவம்."

ஒருநாள் ஏற்றத்தின் பாதியில் அண்ணி மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலே போய்ச் சேர்ந்த அண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கிறார்.  அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"பாப்பா, வண்டிக்கு வேற எஞ்சின் போடப் போறேன்."

எனக்கு நாற்பத்தொரு வயது. அவருக்கு நான் பாப்பாதான்.

"வேற வண்டியே வாங்கலாமே அண்ணா?"

"இந்த வண்டியில என்ன குறை? கதவு சாத்துனா சத்தம் எப்படி இருக்கு பாரு. எஞ்சின்தான் சின்னது. எல்லாரும் உக்காரணும். ஒருத்தர்கூட எறங்காம வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தணும். எனக்கு அது போதும்."

அதே கம்பெனியின் பெரிய கார் ஒன்று, பின்பக்கம் நசுங்கி, கழிவு வண்டிகள் விற்கிற இடத்தில் கிடந்தது. ஆயிரத்து முந்நூறு சிசி, நாலு சிலிண்டர். எஞ்சினுக்கு ஓர் அடியும் படவில்லை. அண்ணன் அதன் கியர் பாக்ஸையும் ரேடியேட்டரையும் முன்சக்கர பிரேக்குகளையும் சேர்த்தே எடுத்தார். எஞ்சினை மாட்டும் முன்பே பிரேக்கைத்தான் மாட்டினார். பெரிய எஞ்சின் சின்ன பிரேக்கோடு இருக்கக் கூடாது என்பதில் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. எஞ்சின் மாற்ற அனுமதி கேட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"மனைவிக்கு முட்டிவலின்னு எழுது."

"அண்ணா, அதெல்லாம் எழுத முடியாது."

"அதானே காரணம்?"

நான் 'கூடுதல் பாரம்' என்று எழுதினேன். எதிரே இருந்த அண்ணி அதைப் படித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

வேலை நடந்தது மேட்டின் அடிவாரத்தில், அண்ணனோடு கம்பெனியில் வேலை செய்கிற வெல்டரின் தகரக் கொட்டகையில். கேட் செய்வது, ஜன்னல் கம்பி செய்வது என்று ஷிஃப்ட் போக மீதி நேரத்தில் வெல்டர் அங்கே இருப்பார். கூரை இரும்பிலிருந்து செயின் பிளாக் தொங்கும். பழைய எஞ்சினை அதில் கட்டித் தூக்கி வெளியே எடுத்தபோது, முன்பக்கம் வெறும் குழியாகக் கிடந்த காரைப் பார்த்து அண்ணன் மகள் சொன்னாள்: "அப்பா, பல்லு புடுங்குன மாதிரி இருக்கு."

கம்பெனி விட்டதும் அண்ணன் நேராகக் கொட்டகைக்குப் போவார். அண்ணி தினமும் ஒரு பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, பிறகு மேலே நடப்பார். நடக்காமல் இருப்பதற்காக எஞ்சின் மாற்றுகிறார்கள், அதற்காகவே அவர் நடந்தார். சொன்னால், "நான் போகலேன்னா அந்த ரெண்டு பேரும் தண்ணிகூடக் குடிக்காம அந்த இரும்பையே பாத்துட்டு நிப்பாங்க" என்பார்.

எஞ்சின் உட்கார வண்டியின் உடம்பில் மூன்று பிராக்கெட் பற்ற வைக்க வேண்டும். அண்ணன் அளந்து கோடு போட்டார், வெல்டர் பற்ற வைத்தார். எஞ்சினை இறக்கினார்கள். இடது பக்க ஆக்சில் உள்ளே போகவில்லை. தட்டினார்கள், திருப்பினார்கள், போகவில்லை. வெல்டர் தன் டேப்பை எடுத்து அளந்துவிட்டுச் சிரித்தார்.

"சரியா பத்து எம்எம். ஏய்யா ஸ்கேலு, கழிக்க மறந்துட்டியா?"

அண்ணன் தன் ஸ்கேலை எடுத்துப் பார்த்தார். அண்ணி சிரித்தார். "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை. போகட்டும், மனுஷன்தான்னு தெரிஞ்சுதே" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

பிராக்கெட்டை அறுத்தெடுத்து மறுபடி அளந்தார்கள். இந்த முறை பத்து எம்எம் எதிர்ப்பக்கம். இரண்டு தடவை கழித்திருக்கிறார். வெல்டர் இதற்கும் ஏதோ கேலி சொன்னார், ஆனால் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ரேடியேட்டருக்கு அளக்கும்போது, ஸ்கேலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கையில் சாக்பீஸ். நான் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"பாப்பா, இதுல ஏதோ ஒண்ணைக் கழிக்கணுமே. என்னது அது?"

"பத்து, அண்ணா."

"ஆமாமா, பத்து" என்றார். பிறகு, மிகவும் சாதாரணமாக, "யாரு சொன்னா?" என்று கேட்டார்.

ஸ்கேன் எடுத்தோம். வலது நெற்றிக்குப் பின்னால் ஒரு கட்டி. படத்தை விளக்குப் பலகையில் மாட்டி டாக்டர் பேனாவால் சுற்றிக் காட்டினார். அறுவைச் சிகிச்சை செய்ய முடியாத இடம் என்றார். கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளும் என்றார். அண்ணன் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை எம்எம் டாக்டர்?"

"நாற்பத்திரண்டு."

"பத்தைக் கழிச்சீங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எங்களைப் பார்த்தார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். கையை எடுத்தபோது அது சிரிப்பாக இல்லை.

வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னது மட்டும் அண்ணனுக்கு உறைத்தது.

"ஓட்டறது கெடக்கட்டும் டாக்டர். மாட்டலாம்ல?"

"எதை?"

"எஞ்சினை."

கூட யாராவது இருந்தால் கைவேலை செய்வது நல்லதுதான் என்றார் டாக்டர். கூடவே, எந்த வேலையையும் ரொம்ப நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் ஓர் எண்ணைச் சொன்னார். அதிலிருந்து எதையும் கழிக்கத் தேவையிருக்கவில்லை.

கம்பெனியில் நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். காலையில் கதிர்வீச்சு, மாலையில் கொட்டகை. நான் கல்லூரி முடிந்து நேராக அங்கே வந்துவிடுவேன். அளவைக் குறித்துக்கொள்ள நோட்டு வைத்துக்கொண்டேன். அவர் எண்ணைச் சொல்வார், நான் பத்தைக் கழித்து எழுதுவேன். முதல் இரண்டு நாள் சரியாக வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. சில நாள் அவரே மனத்துக்குள் கழித்துவிட்டுச் சொல்கிறார், சில நாள் கழிக்காமல் சொல்கிறார். கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"என்ன பாப்பா, எனக்கே அளக்கக் கத்துத் தர்றியா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவர் சொன்ன எண்ணை அப்படியே எழுதிக்கொண்டேன். வெல்டர் அந்த இடத்தில் சும்மா நாலு புள்ளி மட்டும் வைத்து ஒட்டுவார், அண்ணனுக்குத் திருப்தியாக இருக்கும். மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும் முன் வெல்டர் தனியாக வந்து அதைத் தட்டி எடுத்துவிட்டு, தன் டேப்பால் அளந்து ஒழுங்காகப் பற்ற வைப்பார். மாலையில் அண்ணன் வந்து பார்ப்பார். விரலால் பற்றவைத்த தடத்தைத் தடவுவார்.

"நல்லா வந்திருக்குய்யா. நேத்து இவ்வளவு அழகா இருந்த மாதிரி ஞாபகம் இல்லையே."

"நீ போட்ட அளவு. அழகா வராம என்ன பண்ணும்?" என்பார் வெல்டர். சொல்லிவிட்டுக் கிரைண்டரை ஓடவிடுவார், எதையும் தேய்க்காமல். சத்தத்துக்காக.

ஒருமுறை வெல்டரிடம், இப்படி ஏமாற்றுவது சரியா என்று கேட்டேன். படித்தவள் கேட்கிற கேள்வி. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, "வேற என்ன இருக்கு நம்ம கையில, சொல்லுங்க. செய்யறேன்" என்றார். 

அண்ணி பிளாஸ்கோடு வருவதை மட்டும் அண்ணன் ஒருநாளும் மறக்கவில்லை. அவர் வருகிற நேரத்துக்குச் சரியாக வாசலைப் பார்ப்பார். "வந்துட்டியா? முட்டி எப்படி இருக்கு?" என்பார். அண்ணி தினமும் ஒரே பதிலைச் சொல்வார்: "உங்க எஞ்சினைக் கேட்டுட்டு இருக்கு."

இடையில் நல்ல நாட்களும் இருந்தன. ஒயர்களை இணைக்கும் வேலையை முழுவதும் அவரே செய்தார். நிறம் பார்த்து நிறத்தோடு சேர்ப்பது அவருக்குள் எங்கேயோ பத்திரமாக இருந்தது. ஐம்பதுக்கு மேல் ஒயர்கள். வெல்டர் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று நாட்களும் நாங்கள் எல்லோரும், டாக்டர் சொன்னது ஒருவேளை வேறு யாருடைய படமோ என்று நினைக்கத் தொடங்கியிருந்தோம்.

எஞ்சின் முதலில் ஓடியபோது கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. அண்ணன் எங்கள் எல்லோரையும் கையமர்த்திவிட்டு பானட் மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டார்.

"நாலு சிலிண்டரும் அடிக்குது" என்றார். "பாப்பா, நாலும் அடிக்குது."

அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தோடு இதை முடித்திருக்கலாம். ஆனால் அவர் ஆசைப்பட்டது எஞ்சின் ஓடுவதற்கு இல்லை. மேடு ஏறுவதற்கு.

அனுமதிக் கடிதம் வந்திருக்கவில்லை. அலுவலகத்தில், நேரில் கொண்டுவந்து காட்ட ஒரு தேதி தருவோம் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கோ இடது கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. இந்த மேட்டில் மட்டும் ஒரே ஒரு தடவை ஏற்றிவிடுவோம் என்று வெல்டர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாலை காலியாக இருக்கும் நேரம்.

வெல்டர் ஓட்டினார். அண்ணன் பக்கத்தில். பின்னால் அண்ணியும் மகளும் நானும். முன்பு நாலு பேருக்கே ஏறாத வண்டியில் ஐந்து பேர். என் காலடியில் கட்டை இருந்தது.

"அத்தை, அது எதுக்கு இன்னும்? தூக்கிப் போடுங்க" என்றாள் மகள்.

போடலாம்தான். ஒன்பது வருடம் காரில் ஏறும்போதெல்லாம் கையில் எடுத்துக்கொண்டது. அன்றும் கை தானாக எடுத்துவிட்டது. இருக்கட்டும் என்றேன்.

முதல் கம்பம், இரண்டாவது கம்பம். எஞ்சினுக்கு நாங்கள் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை. வெல்டர் இரண்டாவது கியரிலேயே போனார். மகள் என் தொடையைக் கிள்ளினாள். அண்ணி முன்சீட்டின் பின்புறத்தைப் பிடித்தபடி அண்ணனின் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கம்பம் வந்தது.

அண்ணன் கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

வண்டி குலுங்கி நின்றது. வெல்டர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கத்தினார்: "ஏய் ஸ்கேலு, என்னய்யா பண்றே? ஏறுதுய்யா! உக்காருய்யா!"

அண்ணன் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். காலை இழுத்து இழுத்து வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எறங்குங்க, எறங்குங்க" என்றார். "பாப்பா, கட்டை எங்கே?"

 ஸ்டீயரிங்கைப் பிடித்த வெல்டரின் முதுகு அப்படியே இருந்தது. மகள், "அப்பா, புது எஞ்சின்ப்பா, நீங்க போட்டதுதான்ப்பா" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். குழந்தை ஏதோ சொல்கிறது என்று பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. பின்கதவைத் திறந்து, என் காலடியிலிருந்து கட்டையை அவரே குனிந்து எடுத்தார். நான் அதை எடுத்து வராமல் இருந்திருந்தால் ஒருவேளை அவருக்கு நினைவு வந்திருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தது கட்டையைப் பார்ப்பதற்கு முன்னால்தான் என்று அண்ணி சொல்வார். எனக்காகச் சொல்கிறாரோ என்னவோ.

அண்ணிதான் முதலில் இறங்கினார்.

"இந்தா எறங்கிட்டேன்" என்றார். குரல் எப்போதும் போல இருந்தது. "வழக்கமா நீங்க ஓட்டுவீங்க, நாங்க நடப்போம். இன்னிக்கு நீங்களும் நடக்கறீங்களா?"

"அவன் ஓட்டட்டும். வண்டிக்கு வெயிட்டு குறையணும்ல" என்றார் அண்ணன்.

நாங்களும் இறங்கினோம். வண்டியில் வெல்டர் மட்டும் இருந்தார். ஐந்து பேரைச் சுமந்தபடி அலட்டாமல் ஏறிய எஞ்சின், இப்போது ஒரே ஆளை வைத்துக்கொண்டு, முதல் கியரில், எங்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. அதற்கு அது ஒரு வேலையே இல்லை. அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டதா, கேட்டும் பழைய எஞ்சின் என்று நினைத்தாரா, தெரியாது.

ஒரு கையில் கட்டை. இன்னொரு கையை அண்ணியின் தோளில் போட்டிருந்தார். அண்ணியின் முட்டி அவரைத் தாங்கியதா, அவர் அண்ணியைத் தாங்கினாரா, பின்னாலிருந்து பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. மதில் சுவர் பக்கம் வந்ததும் நின்றார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க. இந்த வண்டிக்கு ஒரு பெரிய எஞ்சினாப் போட்டுத் தர்றேன். பாப்பாகிட்டயும் சொல்லியிருக்கேன். அப்புறம் நீ எறங்கவே வேணாம்."

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "போடுங்க. போட்டதும் நான்தான் முதல்ல உக்காருவேன்."

வீட்டு வாசலில் வெல்டர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பின்பக்கம் வந்து, ஒரு கையால் டிக்கியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கட்டையைப் பின்சக்கரத்துக்குக் கீழே வைத்தார். கொஞ்சம் தள்ளியிருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கேல் அங்கே இருக்கவில்லை. அவர் சட்டைக்கு அதை மாற்றிவைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு காலால் கட்டையைத் தட்டி, டயரோடு ஒட்டும்படி நகர்த்திவிட்டு, இரண்டு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப நகராது" என்றார்.